அளவறிந்த அறிஞர் மகாலனோபிஸ்

மதுரை மாநகரின் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் அமைந்துள்ளது பசுமலை. அதனைச் சூழ்ந்த சமவெளியில் கண்மாய்ப் பாசனத்தால் நெல் விளையும் ஊர்கள் பல உண்டு. அவற்றுள் ஓர் ஊரில் நூறு வயல்களில் நடவு செய்ய வேண்டியுள்ளது என்று கொள்வோம். பத்துப் பேர் நட்டால் இருபது நாள் ஆகுமெனின், இருபது பேர் நட்டால் பத்து நாளில் முடியும் என்று சிறுவனும் கூறுவான். இருநூறு பேர் நட்டால் ஒரே நாளில் முடிந்துவிடுமா? முடியாது. நாற்றங்காலில் நாற்றுப் பறிக்க வேண்டும். முடி கட்டி வரப்பின் வழியே சுமந்து வர வேண்டும். மடை திறந்து நீர் பாய்ச்ச வேண்டும். அவையெல்லாம் நடந்தேறும் வரையில் நடுவோர் வாளாநிற்பர். ஒற்றையடி வரப்பில் நெரிசலும் மிகும். ஆள்களைக் கூட்டக் கூட்டக் காலம் குறையும் என்னும் கணக்கு ஓர் எல்லைவரையில்தான் செல்லும்.

அவ்வெல்லை யாது? எத்தனை ஆள்களை அமர்த்தினால் எவ்வளவு காலம் ஆகும்? எவ்வளவு பொருள் செலவாகும்? இவற்றை வேலை தொடங்குமுன் அறிந்து கொள்வது எவ்வாறு? முழு வேலையையும் செய்து பார்த்த பின்னர் அறிவதனால் பயன் இல்லை. சிறிய அளவிற் செய்து பார்த்துப் பெரிய அளவில் நிகழப்போவதை உய்த்துணர்தல் வேண்டும். அங்ஙனம் உணர்ந்ததில் எவ்வளவு பிழை நேரக்கூடும் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். இந்த அரிய கலையை நம் நாட்டில் வித்திட்டு வளர்த்தவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் ஆவார்.

இளமையும் கல்வியும்

மகாலனோபிஸ் 1893ஆம் ஆண்டு சூன் திங்கள் 29ஆம் நாள் கல்கத்தா நகரிற் பிறந்தார். தந்தையார் பெயர் பிரபோத சந்திரர், தாயார் நீரோதவாசினி. அவர்தம் குடும்பம் பிரம்ம சமாசக் கொள்கைகளைத் தழுவியது. கல்வியிலும் சமூகச் சீர்திருத்தத்திலும் ஈடுபாடு மிக்கது. அவர் பிரம்ம பாலர் பள்ளியிற் பயின்று, பின்னர் மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். சகதீச சந்திர போசும், பிரபுல்ல சந்திர ராயும் அந்நாளில் அக்கல்லூரியில் ஆசிரியர்களாய் விளங்கினர். அத்தகைய நல்லாசிரியர்களின் நிழலில் அறிவியல் நாட்டம் அவருள்ளத்தில் வேரூன்றியது. 1912ஆம் ஆண்டு இயற்பியலிற் சிறப்புப் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு மேற்படிப்பிற்காக இங்கிலாந்து சென்றார். இலண்டன் பல்கலைக்கழகத்திற் பயில்வதே அவர் கருத்து. ஒருநாள் கேம்பிரிட்ஜ் நகரைக் காணச் சென்றார். அங்கே கிங்சு கல்லூரியின் பழைய வழிபாட்டு மண்டபத்தைக் கண்டு வியந்து நின்றவர், இலண்டனுக்குத் திரும்பும் கடைசிப் புகைவண்டியைத் தவறவிட்டார். அன்றிரவு நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்க நேர்ந்தது. அந்நண்பரின் தூண்டுதலால் அக்கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார்.

இராமானுசனின் நட்பு

1914ஆம் ஆண்டு கும்பகோணத்துக் கணிதமேதை இராமானுசன் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். தமிழகத்து இளைஞரும் வங்கத்து இளைஞரும் நெருங்கிய நண்பர் ஆயினர். குளிர்காலத்தில் ஒருநாள் மகாலனோபிஸ் நண்பரின் அறைக்குச் சென்றார். இரவெல்லாம் குளிரால் வருந்துவதாகவும், மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டே படுப்பதாகவும் இராமானுசன் கூறினார். மகாலனோபிஸ் கட்டிலை உற்று நோக்கினார். கம்பளிகள் பல அதன்மேல் விரிக்கப்பட்டு, ஓரங்கள் மெத்தையின் அடியிற் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை இராமானுசன் அறியார். கம்பளிகளின் மேலேயே படுத்திருந்தார். நண்பர் அம்முறையைச் செய்து காட்டினார். எதனையும் பிறர் சொல்லக் கேட்டு அமையாது, நேரிற் கண்டு அறியும் இயல்பு மகாலனோபிசிடம் இளமையிலேயே அமைந்திருந்தது.

1915ஆம் ஆண்டு படிப்பு முடிந்து தாயகம் திரும்பப் புறப்பட்டார். முதல் உலகப்போர் காரணமாகக் கப்பற் பயணம் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் கல்லூரி நூலகத்தில் புள்ளியியல் இதழொன்றின் தொகுதிகளைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. எண்களைத் தொகுத்து ஆராய்ந்து உண்மையை வெளிக்கொணரும் அப்புதிய இயல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தொகுதிகள் அனைத்தையும் விலை கொடுத்து வாங்கினார்; கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். இயற்பியல் பயிலச் சென்றவர் புள்ளியியலோடு திரும்பினார்.

வெள்ளமும் கணக்கும்

கல்கத்தாவில் தாம் பயின்ற கல்லூரியிலேயே இயற்பியல் ஆசிரியராகப் பணியேற்றார். 1923ஆம் ஆண்டு நிர்மலகுமாரி என்னும் நங்கையை மணந்தார். கவியரசர் இரவீந்திரநாத தாகூரின் அன்பிற்கும் உரியவராயினார். வகுப்பில் இயற்பியல் கற்பித்தபோதும், ஓய்வு நேரமெல்லாம் புள்ளியியல் ஆராய்ச்சியிலேயே கழிந்தது.

1926ஆம் ஆண்டு ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் தோன்றிப் பேரழிவு விளைத்தது. ஆற்றின் அடித்தளம் மேடிட்டுவிட்டது என்றும், கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்றும் பொறியாளர் கருதினர். மகாலனோபிஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் மழை அளவுகளையும் நீர்மட்ட அளவுகளையும் திரட்டி ஆராய்ந்தார். ஆற்றின் அடித்தளம் உயரவில்லை என்பதும், மேற்பகுதியிற் பெய்த பெருமழையே வெள்ளத்திற்குக் காரணம் என்பதும் புலனாயின. கரையை உயர்த்துவதினும், மேற்பகுதியில் அணை கட்டி மிகுநீரைத் தேக்குவதே தக்க வழி என்று அவர் காட்டினார். கண்ணாற் கண்டதைக்கொண்டு ஊகிப்பது வேறு. கணக்கால் ஆராய்ந்து துணிவது வேறு என்பதை நாட்டிற்கு உணர்த்திய முதல் நிகழ்ச்சிகளுள் இஃதொன்று.

கழகத்தின் தோற்றம்

கல்லூரியில் அவரது அறையின் ஒரு பகுதியே புள்ளியியல் ஆய்வுக்கூடமாய் விளங்கியது. இளைஞர் சிலர் அவரைச் சூழ்ந்து திரண்டனர். 1931ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் இந்தியப் புள்ளியியற் கழகம் தோன்றியது. முதலாண்டில் அதன் செலவு 238 ரூபாய் மட்டுமே. ஆலம்வித்துப் போன்று சிறிதாய்த் தோன்றிய அக்கழகம், பின்னாளில் உலகறிந்த ஆய்வு நிலையமாய் ஓங்கிற்று. 1933ஆம் ஆண்டு ‘சாங்கியா’ என்னும் ஆய்விதழும் வெளிவரலாயிற்று. 1936ஆம் ஆண்டு, பல இயல்புகளையும் ஒருங்கே கொண்டு இரு தொகுதிகளுக்கு இடைப்பட்ட வேறுபாட்டை அளக்கும் முறையொன்றை அவர் வெளியிட்டார். அது ‘மகாலனோபிஸ் தொலைவு’ என்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

கழகத்தில் கணக்கிடுவதற்கென்றே பலர் அமர்த்தப்பட்டிருந்தனர். கம்ப்யூட்டர் என்னும் ஆங்கிலப் பெயர் அந்நாளில் பொறியைக் குறிக்கவில்லை. கணக்கிடும் மனிதரையே குறித்தது. அவர்கள் வரிசையாய் அமர்ந்து, கையாற் சுழற்றும் கணக்குப் பொறிகளைக் கொண்டு, பெருங்கணக்கொன்றின் பகுதிகளைப் பங்கிட்டுக் கொண்டு ஒரே காலத்திற் செய்தனர். ஒருவர் கணக்கை மற்றொருவர் சரிபார்த்தார். பலர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது எங்கே காலம் செல்கிறது, எங்கே பிழை புகுகிறது என்பதை மகாலனோபிஸ் நாள்தோறும் கண்டறிந்தார்.

சணல் கணக்கெடுப்பு

அவர் வாழ்வின் பெரும் சோதனை சணலின் வடிவில் வந்தது. சணல் அக்காலத்து வங்கத்தின் தலையாய வாணிகப் பயிர். எவ்வளவு நிலத்திற் சணல் விளைந்துள்ளது என்பது அறுவடைக்கு முன் தெரிதல் வேண்டும். விளைவு மிகுதி என்னும் பொய்ச்செய்தி பரவினால் விலை வீழும், உழவன் வாடுவான். தமிழகத்தில் ஊர்தோறும் கர்ணம் இருந்து பயிர்க்கணக்கு எழுதிவந்தார். நிலையான நிலவரி முறை நிலவிய வங்கத்தில் அத்தகைய ஊர்க்கணக்கர் இல்லை. ஊர்க்காவலர் மதிப்பாய்க் கூறிய எண்களே அரசினர் கணக்காய் அமைந்தன.

வங்கம் முழுவதும் ஒவ்வொரு புலத்தையும் சென்று காணப் பல்லாயிரவர் வேண்டும், பெரும்பொருள் வேண்டும். மகாலனோபிஸ் வேறு வழி கண்டார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆயின் அச்சோறு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. பானையின் அடியிலுள்ள சோறு குழைந்திருக்கும். மேலே உள்ளது அரைவேக்காடாய் இருக்கும். கிளறிவிட்டு எடுத்த பருக்கையே உண்மை கூறும். வயல்களும் அத்தகையனவே. கண்மாய் மடையை அடுத்த வயலை மட்டும் கண்டு ஊரின் விளைவைக் கணித்தவன், கடைமடை வயலை நோக்காமையால் ஏமாறுவான். சாலையோரத்து வயல்களை மட்டும் கண்டு திரும்பும் அலுவலனும் அவ்வாறே ஏமாறுவான். ஆகவே, மனிதனின் விருப்பிற்கு இடங்கொடாமல், நிலப்படத்தின்மீது குலுக்கல் முறையாற் கட்டங்களைத் தெரிந்தெடுத்து, அக்கட்டங்களை மட்டும் நேரிற் சென்று காணுமாறு அவர் வகுத்தார்.

1937ஆம் ஆண்டு சிறிய நிலப்பரப்பில் அப்பணி தொடங்கிற்று. ஆண்டுதோறும் அது விரிந்து, 1941ஆம் ஆண்டளவில் வங்கம் முழுவதையும் தழுவிற்று. அவ்வாறு படிப்படியாய் விரித்ததிலேதான் அவர்தம் நுண்ணறிவு விளங்குகின்றது. தொடக்க ஆண்டுகளின் நோக்கம் சணலை அளப்பது மட்டும் அன்று. அளக்கும் வேலையையே அளப்பதும் ஆகும்.

வேலையை அளந்த வித்தகம்

களப்பணியாளர் ஒவ்வொருவரும் தம் நேரம் எவ்வாறு செலவாயிற்று என்பதைக் குறித்து வைத்தனர். கட்டத்திற்கு நடந்து செல்ல ஆன நேரம், அங்குச் சென்று பயிரைக் கணக்கிட ஆன நேரம், பிற பணிகளுக்கு ஆன நேரம் என அவை பிரிக்கப்பட்டன. மகாலனோபிஸ் இவ்வொவ்வொன்றும் எவ்வாறு வளரும் என்பதை ஆராய்ந்தார்.

கட்டங்களின் எண்ணிக்கை இருமடங்கானால் கணக்கிடும் நேரமும் இருமடங்காகும். நடைநேரமோ அவ்வாறு வளர்வதில்லை. கட்டங்கள் நெருங்க நெருங்க ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் தொலைவு குறையும். கட்டங்கள் நான்கு மடங்கானால் மொத்த நடை ஏறத்தாழ இரண்டு மடங்கே ஆகும். அவ்வாறே முடிவில் நேரும் பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமெனின், கட்டங்களை இருமடங்காக்கினாற் போதாது. நான்கு மடங்காக்க வேண்டும். இக்கணக்குகளை ஒன்றுசேர்த்து நோக்கினால், இவ்வளவு பொருள் தரப்பெறின் பிழை இவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். இவ்வளவு பிழைக்கு மேற் கூடாது எனின், பொருள் இவ்வளவு வேண்டும் என்றும் சொல்லலாம். இவ்வாராய்ச்சி 1944ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் விரிவாய் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அக்கழகம் அவரைத் தன் உறுப்பினராய் ஏற்றுப் பெருமை செய்தது.

மற்றொரு காவலையும் அவர் வகுத்தார். ஒரே நிலப்பகுதியில் இரண்டு தனித்தனிக் குலுக்கல்களால் இருவேறு கட்டத்தொகுதிகளைத் தெரிந்தெடுத்தார். அவற்றை இருவேறு குழுக்களிடம் ஒப்படைத்தார். ஒரு குழுவின் முடிவை மற்றொரு குழு அறியாது. இரண்டும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகி நின்றால் எங்கோ பிழை உண்டு என்று தேடலாம். பலர் ஒருங்கே செய்யும் பணியில் தனிமனிதரின் சோர்வும் பொய்யும் மறைந்து நிற்க இயலாதவாறு செய்த முறை இது.

ஒரு பகுதியை மட்டும் கண்டு முழுமையைக் கூறுவதா என்று ஐயுற்றோர் பலர் இருந்தனர். நாற்பதுகளின் நடுவில் அந்த ஐயத்திற்கு விடை கிடைத்தது. அரசினர் ஏறத்தாழ 33,000 பேரைக் கொண்டு, 82 இலட்சம் ரூபாய்ச் செலவில் புலம் புலமாய்ச் சணலைக் கணக்கெடுத்தனர். கழகத்தினர் ஏறத்தாழ 600 பேரைக் கொண்டு, 8 இலட்சம் ரூபாய்ச் செலவில் கூறெடுத்துக் கணித்தனர். பின்னர் வாணிகத்தின் வழியே வெளிப்பட்ட உண்மை அளவோடு ஒப்பிட்டபோது, கூறெடுத்த கணக்கே மிக நெருங்கி நின்றது. முழுக்கணக்கு வெகுவாய்க் குறைந்திருந்தது. பெருங்கூட்டத்தை மேற்பார்வையிட இயலாமையால் பிழை மலிந்தது. சிறுகுழு நன்கு பயிற்றப்பட்டமையாற் பிழை குறைந்தது. ஆள்கள் மிகுந்தால் வேலை செம்மையுறும் என்னும் எண்ணம் அன்று பொய்யாயிற்று.

இவ்வளவு பெருமுயற்சி எதற்கு என்று வினவலாம். 1943ஆம் ஆண்டு வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். எங்கே எவ்வளவு நெல் உண்டு என்னும் செம்மையான கணக்கு அன்று ஆட்சியாளரிடம் இல்லை. பஞ்சத்திற்குப் பின் கழகத்தினர் ஊர்களுக்குச் சென்று, நிலமிழந்தோர் எத்துணையர், தொழிலிழந்தோர் எத்துணையர் என்று கூறெடுத்து ஆராய்ந்தனர். எண்கள் வெறும் எண்களல்ல. அவற்றின் பின்னே உயிர்கள் உள்ளன என்பதை அவர்கள் கண்கூடாய்க் கண்டனர்.

நாட்டுப் பணி

நாடு விடுதலை பெற்றபின் மகாலனோபிசின் பணி பாரதம் முழுவதையும் தழுவியது. 1949ஆம் ஆண்டு மைய அரசின் புள்ளியியல் ஆலோசகரானார். 1950ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வு அவர் முயற்சியால் தொடங்கப்பெற்றது. நாட்டில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டிருந்த சிற்றூர்களுள் 1,833 ஊர்கள் முதற்சுற்றிற்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. மக்கள் உண்பது யாது, உடுப்பது யாது, ஈட்டுவது யாது என்பன வீடு வீடாய்க் கேட்டறியப்பட்டன.

திரண்டு வந்த எண்களைக் கணிக்க மனிதக் கைகள் போதவில்லை. மின்னணுக் கணிப்பொறியின் ஆற்றலை மகாலனோபிஸ் விரைந்து உணர்ந்தார். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த கணிப்பொறி ஒன்று 1956ஆம் ஆண்டு கழகத்தில் இயங்கத் தொடங்கியது. இந்திய மண்ணில் நிறுவப்பெற்ற முதல் மின்னணு எண்முறைக் கணிப்பொறி அதுவே. சோவியத்து நாட்டிலிருந்தும் பின்னர் ஒரு கணிப்பொறி வந்தது.

1956ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திற்கு அவர் வகுத்த வரைவே அடிப்படையாயிற்று. இரும்பு, எஃகு, பொறி ஆகிய அடிப்படைத் தொழில்களை முதலில் வளர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. திட்டம் தொடங்கிய சிறிது காலத்திலேயே அயல்நாட்டுச் செலாவணித் தட்டுப்பாடு நேர்ந்தது. திட்டத்தைச் சுருக்க வேண்டியதாயிற்று. வயலில் சிறு சோதனை செய்து பார்த்துப் பின்னர் விரிக்கலாம். ஒரு நாட்டின் பொருளியலை அவ்வாறு முன்கூட்டிச் செய்து பார்த்தல் அரிது. முன்னறியும் கலைக்கும் எல்லை உண்டு என்பதை அவர் வாழ்வே காட்டிற்று.

1968ஆம் ஆண்டு பத்ம விபூசண் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. 1972ஆம் ஆண்டு சூன் திங்கள் 28ஆம் நாள், தம் எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்திய நாளில், அவர் மறைந்தார். இறுதிவரையில் அவர் பணி ஓயவில்லை.

இன்றும் வாழும் நெறி

மகாலனோபிஸ் மறைந்து அரை நூற்றாண்டிற்கு மேலாயிற்று. அன்று வரிசையாய் அமர்ந்து கணக்கிட்ட மனிதர்களின் இடத்தில் இன்று பொறிகள் நிற்கின்றன. பெருங்கூடங்களில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை நிறுவி, வேண்டுவோர்க்கு வேண்டும் நேரத்திற்கு வலையமைப்பின் வழியே வாடகைக்கு விடுகின்றனர். இதனை மேகக் கணிமை என்பர். ஒரு பெருங்கணக்கைப் பல பொறிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, ஒரே காலத்திற் செய்வித்து, விடைகளைத் தொகுத்துப் பெறலாம். எத்தனை பொறிகளை அமர்த்துவது, எத்தனை நாழிகை ஆகும், எவ்வளவு வாடகை கொடுக்க வேண்டும் என்பன அங்கே எழும் வினாக்கள். நடவு வயலில் எழுந்த வினாக்களும் இவையே.

பொறிகளின் வேலைநேரத்தையும் பகுதி பகுதியாய்ப் பிரித்து நோக்குதல் வேண்டும். எத்தனை பொறிகள் இருந்தாலும் மாறாத நேரம் ஒன்று உண்டு. அது மடை திறந்து நீர் பாய்ச்சுவது போன்றது. பொறிகள் பெருகப் பெருகக் குறையும் நேரம் ஒன்று உண்டு. அது நடுவது போன்றது. பொறிகள் பெருகப் பெருக வளரும் நேரமும் ஒன்று உண்டு. ஒன்றோடொன்று செய்தி பரிமாறவும் விடைகளைத் திரட்டவும் ஆகும் அந்நேரம் வரப்பு நெரிசல் போன்றது. 2016ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இம்முறையில் ஒரு கருவியை வெளியிட்டனர். கொடுக்கப்பட்ட தரவின் சிறு பகுதியைச் சில பொறிகளில் இட்டு, சிலமுறை ஓட்டிப் பார்த்து, இப்பகுதிகளின் அளவை அறிந்து, முழு வேலைக்கு ஆகும் நேரத்தை அக்கருவி முன்கூட்டிச் சொல்கிறது. எந்தச் சோதனைகளைத் தெரிந்தெடுத்தால் குறைந்த செலவில் நிறைந்த அறிவு கிடைக்கும் என்பதற்குப் புள்ளியியலாரின் சோதனை வகுக்கும் கலையையே அது துணைக்கொள்கிறது. களப்பணியாளரின் நடையையும் கணக்கையும் பிரித்தளந்து, சிறிதிலிருந்து பெரிதை உணர்ந்த மகாலனோபிசின் நெறி இதனோடு ஒத்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

அவர் பிறந்த சூன் 29ஆம் நாள், 2007ஆம் ஆண்டு முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. பெருவேலையைத் தொடங்குமுன் சிறிதாய்ச் செய்து பார்த்தல், விருப்பு வெறுப்பின்றித் தெரிந்தெடுத்தல், கண்டதைப் பிறர் கண்டதோடு ஒப்பிடுதல், பிழையின் அளவை ஒளியாது உரைத்தல் ஆகிய நான்கும் அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்கள். இவற்றைக் கைக்கொள்வோர், வயலில் நின்றாலும் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தாலும், தாம் மேற்கொண்ட செயலின் அளவறிந்து நடப்பர் என்பது உறுதி.